கூத்தரும் அவையோரும்: வடதமிழக அரங்குகளில் பார்வையாளர் நடத்தை

நாடகம் பார்க்க வந்தவர்கள் நடிகரிடம் நடந்துகொண்ட விதம், தமிழ்நாட்டில் அரங்கு எங்கே இருந்தது, ஆடியவர் யார், கூலி கொடுத்தவர் யார் என்பவற்றைப் பொறுத்து மாறிவந்திருக்கிறது. வேடம் கட்டி நின்றவருக்குக் கற்பூரம் ஏற்றிக் காலில் விழுந்தவர்களும், வேடம் கலைத்த பின் அவரைக் ‘கூத்தாடி’ என்று ஒதுக்கியவர்களும் பல ஊர்களில் ஒரே மக்கள்தான். வணக்கமும் இளக்காரமும் ஓரிடத்தில் இப்படிச் சேர்ந்திருந்தது தமிழ் அரங்கின் நெடுங்கால இயல்பு. பிற்காலத்தில் கொட்டகையும் சபாவும் அரசியல் மேடையும் வந்தபோது அது வேறு வேறு வடிவம் எடுத்தது.

இந்த வரலாற்றின் பல கட்டங்களைச் சேர்த்துப் பார்க்கத் திருத்தணியும் அதைச் சூழ்ந்த வட்டாரமும் ஏற்ற இடம். முருகனின் ஐந்தாம் படைவீடான மலைக்கோயிலின் அடிவாரத்தில் வளர்ந்த இந்த ஊர், 1911இல் அமைந்த சித்தூர் மாவட்டத்தில் இருந்து, வடக்கெல்லைப் போராட்டத்துக்குப் பின் 1960 ஏப்ரல் 1 அன்று சென்னை மாநிலத்தோடு இணைந்தது. தமிழும் தெலுங்கும் பேசுவோர் இங்கே அடுத்தடுத்த வீட்டுக்காரர்கள். திரௌபதி அம்மன் கோயில்களின் பாரதக் கூத்து, மேடை நாடகக்காரர்கள் விடாமல் ஆடிய வள்ளி கதை, தெலுங்கு நாட்டிலிருந்து சென்னைக்குப் போன புதுமுறை நாடகம் ஆகிய மூன்றுக்கும் இந்த வட்டாரத்தோடு ஏதோ ஒரு வகையில் தொடர்பு உண்டு.

அரசவையும் கோயிலும்

ஆடுவோரை அவை எப்படி நடத்தியது என்பதற்கான பழைய தமிழ்ச் சான்றுகள் பெரும்பாலும் அரசனைச் சுற்றியவை. பொருநராற்றுப்படையில் கரிகாலன், தன்னிடம் வந்த பொருநனுக்கு உணவும் உடையும் பொன்னும் நான்கு வெண்குதிரை பூட்டிய தேரும் கொடுத்து, ஏழடி பின்சென்று வழியனுப்புகிறான். கலைஞனுக்குப் பின்னால் அரசன் நடந்து வருவது அன்றைய மரியாதையின் உச்சம். சிலப்பதிகாரத்தின் அரங்கேற்று காதை, அளவெடுத்துக் கட்டிய அரங்கையும் மூன்று வகைத் திரைகளையும் வருணித்து, ஆடி முடித்த மாதவிக்கு அரசன் தலைக்கோல் பட்டமும் ஆயிரத்தெட்டுக் கழஞ்சுப் பொன்னும் வழங்கியதைச் சொல்கிறது. இங்கே அவை என்றால் ஆட்டமும் பாட்டும் அறிந்தோர் கூடி நிறைகுறை பார்க்கும் இடம்.

சாதாரண மக்கள் திரண்ட கூட்டத்தைத் திருக்குறளில் காணலாம். பெருஞ்செல்வம் வருவதையும் போவதையும், கூத்தாடும் இடத்தில் கூட்டம் சேர்வதற்கும் கலைவதற்கும் நிலையாமை அதிகாரம் ஒப்பிடுகிறது. சிறுகச் சிறுகக் கூடி, ஆட்டம் முடிந்ததும் ஒரே நேரத்தில் எழுந்து போகும் கூட்டம் அன்றைக்கே எல்லாருக்கும் பழகிய காட்சியாக இருந்திருக்கிறது.

சோழர் காலத்தில் கூத்தரின் பிழைப்பு கோயிலைச் சார்ந்தது. தஞ்சைப் பெரிய கோயிலின் 11ஆம் நூற்றாண்டுக் கல்வெட்டு ஒன்று, வைகாசித் திருவிழாவில் இராசராசேசுவர நாடகம் ஆடும் சாந்திக்கூத்தனுக்கு ஆண்டுதோறும் 120 கலம் நெல் அளக்க ஏற்பாடு செய்கிறது. கூத்துக்காணி என்ற பெயரில் நிலம் பெற்றவர்களையும் கல்வெட்டுகள் குறிக்கின்றன. இந்த ஏற்பாட்டால் கூத்தனுக்குப் படி அளப்பது கோயில்தான். திருவிழாவுக்கு வந்த கூட்டம் மகிழ்ந்தாலும் முகம் சுளித்தாலும் அவன் காணிக்குக் குறைவில்லை. பின்னாளில் கோயில் மானியங்கள் தேய்ந்து, ஊரே கூடிப் பணம் தண்டிக் கூத்து வைக்கும் நிலை வந்தபோதுதான் பார்வையாளருக்கு நடிகர் மீது நேரடியான பிடி கிடைத்தது. ‘கூத்தாடி கிழக்கே பார்ப்பான், கூலிக்காரன் மேற்கே பார்ப்பான்’ என்ற பழமொழி அந்த நிலைக்கு உரியது. விடியலுக்காகக் காத்திருக்கும் கூத்தாடியும் பொழுது சாய்வதற்காகக் காத்திருக்கும் கூலியாளும் அதில் ஒரே தட்டில் வைக்கப்படுகிறார்கள்.

பாரதக் கூத்தின் களம்

தொண்டை மண்டலத்தில் திரௌபதி அம்மன் கோயில் இல்லாத வட்டாரம் அரிது. திருத்தணி நகரிலும் அம்மனுக்குக் கோயிலும் தீமிதி விழாவும் உண்டு. எல்லைக்கு அப்பால் சித்தூர்ப் பக்கம் இதே வழிபாடு தர்மராஜா கோயில் என்ற பெயரில் நடக்கிறது. அறுவடை முடிந்த கோடை மாதங்களில் பத்து நாள் தொடங்கி இருபது நாளும் அதற்கு மேலும் நீளும் இவ்விழாவில் பகலில் பாரதப் பிரசங்கம், இரவில் கூத்து, கடைசியில் தீமிதி. வில்வளைப்பு, சுபத்திரை திருமணம், இராசசூய யாகம், சூது துகில், அர்ச்சுனன் தபசு, மாடுபிடி சண்டை, கிருஷ்ணன் தூது, அபிமன்னன் சண்டை, கர்ண மோட்சம், பதினெட்டாம் போர் என்று பெரும்பாலும் இரவுக்கு ஒரு கதை.

கூத்துக் களத்துக்கு மேடை கிடையாது. கோயிலுக்கு எதிரே தரையில் ஆட்டம். ஒரு பக்கம் பின்பாட்டுக்காரர்களும் மிருதங்கம், முகவீணை, ஆர்மோனியம், தாளம் வாசிப்பவர்களும். மற்றப் பக்கங்களில் ஊர். பெட்ரோமாக்ஸ் வருவதற்கு முன் எண்ணெய்ப் பந்தத்தின் வெளிச்சத்தில்தான் ஆட்டம். பல ஊர்களில் பந்தம் பிடிப்பதும் திரைக்கு வெள்ளைத் துணி கொடுப்பதும் வண்ணாரின் கடமையாக இருந்தது. ஆண்கள் ஒரு பக்கம், பெண்கள் ஒரு பக்கம், குழந்தைகள் முன்வரிசையில் பாய் மேல். ஒடுக்கப்பட்ட சாதியார் எட்ட நின்று பார்க்க வேண்டியிருந்த ஊர்கள் பல. ஆடுபவரே அந்தச் சாதிகளில் ஒன்றைச் சேர்ந்தவராக இருந்தால், களத்துக்குள் அவர் தருமராசன். களத்துக்கு வெளியே அவருக்குத் தனிக் குவளை.

இந்தக் களத்தில் யாரும் அமைதியை எதிர்பார்க்கவில்லை. இரவு ஒன்பது, பத்து மணிக்குத் தொடங்கி விடியும் வரை நடக்கும் ஆட்டத்தை ஒருவரும் முழுக்க விழித்திருந்து பார்ப்பதில்லை. பாதியில் தூங்குவார்கள், முக்கிய வேடம் திரைக்குப் பின்னால் வந்து நிற்கும்போது பக்கத்தில் இருப்பவர் தட்டி எழுப்புவார். இருவர் பிடித்த திரைக்குப் பின்னால் கிரீடத்தின் நுனி மட்டும் தெரிய, நடிகர் பாடிக்கொண்டே தன்னை அறிவிப்பார். திரை விலகி, புஜக்கட்டையும் மார்புப் பதக்கமும் பந்த வெளிச்சத்தில் மின்ன அவர் சுழன்று வரும்போது எழும் சீழ்க்கையும் ஆரவாரமும்தான் அவருக்குக் கிடைக்கும் முதல் மரியாதை.

கூட்டத்துக்கும் நடிகருக்கும் நடுவே நின்றவன் கட்டியக்காரன். அழும் குழந்தையை அதட்டுவது, பேசிக்கொண்டிருக்கும் பெரியவரைக் கதைக்குள் இழுத்து விடுவது, ஊர்க் கணக்கரையும் மணியக்காரரையும் பேர் சொல்லாமல் சீண்டுவது எல்லாம் அவன் உரிமை. மற்ற நாளில் யாரும் சொல்லத் துணியாததை அவன் சொல்ல, கேட்டவர்கள் சிரித்துக்கொண்டே பொறுத்துக்கொண்டார்கள். வில்லி பாரதமும் நல்லாப்பிள்ளை பாரதமும் கேட்டே மனப்பாடமான முதியவர்கள், பாட்டில் ஓர் அடி தவறினால் உட்கார்ந்த இடத்திலிருந்தே திருத்தினார்கள். எழுதப் படிக்கத் தெரியாத கூட்டம் என்று இதை எண்ணியவர்கள் தவறாகக் கணித்தார்கள். கதையில் தேர்ந்த அவை இது. நடிகர் அதற்கு அஞ்சினார்.

சூது துகில் ஆடும் இரவு மற்ற இரவுகளைப் போன்றதல்ல. துச்சாதனன் வேடக்காரர் அன்றைக்கு விரதம் இருப்பதும், திரௌபதியின் சேலையைத் தொடுமுன் ஆட்டத்தை நிறுத்தி அம்மனை வணங்கிப் பிழை பொறுக்க வேண்டுவதும் வழக்கம். அந்தக் கணத்தில் கற்பூரம் ஏற்றப்படுகிறது. திரௌபதியாக நிற்பவர் பெரும்பாலும் ஓர் ஆண். ஆனாலும் கூட்டத்தில் இருக்கும் பெண்கள் அவரைக் கும்பிடுகிறார்கள். சிலருக்கு அருள் வந்துவிடுகிறது. வேடக்காரருக்கே ஆவேசம் ஏறி, பிடித்து நிறுத்த வேண்டி வருவதும் உண்டு. பீமன் வேடக்காரர் தன்னை மறந்து துச்சாதனனை நிஜமாகவே அடித்துவிட்டதாக ஊர்தோறும் கதைகள் சொல்லப்படுகின்றன. அவற்றின் உண்மை எப்படியோ, ஆபத்து இருக்கிறது என்ற நம்பிக்கையோடுதான் அவை அன்று உட்கார்ந்திருந்தது.

அர்ச்சுனன் தபசில் நடிகரும் பார்வையாளரும் இன்னும் நெருங்குகிறார்கள். களத்தில் ஓர் உயர்ந்த மரம் நடப்படுகிறது. பெரும்பாலும் பனைமரம், ஏறுவதற்குக் குறுக்கே கட்டைகள், உச்சியில் பரண். பாசுபதம் வேண்டித் தவம் செய்யப் போகும் அர்ச்சுனன் பாடிக்கொண்டே படி படியாக ஏறுகிறார். அடியில், குழந்தை வரம் வேண்டிய பெண்கள் குளித்த ஈரச் சேலையோடு மரத்தைச் சுற்றுகிறார்கள் அல்லது தரையில் விழுந்து கிடக்கிறார்கள். உச்சிக்குப் போனதும் அவர் மடியிலிருந்து எலுமிச்சம் பழம், விபூதி, பூ எல்லாவற்றையும் கீழே வீசுகிறார். பெண்கள் முந்தானையை விரித்துப் பிடிக்கிறார்கள். பழம் விழுந்த மடி நிறையும் என்பது நம்பிக்கை. ஏறியவர் கூலிக்கு வந்த கூத்துக்காரர் என்பது கீழே இருக்கும் எல்லாருக்கும் தெரியும். அவர் கையால் வரும் பழம் அர்ச்சுனன் கொடுத்தது என்பதிலும் அவர்களுக்கு ஐயமில்லை. இரண்டும் ஒன்றையொன்று மறுக்கவில்லை.

பதினெட்டாம் போர் முடியும் காலையில் படுகளம். கோயில் வெளியில் துரியோதனனின் உருவம் மண்ணால் மல்லாந்த நிலையில் பெரிதாகச் செய்யப்படுகிறது. அதன் மேலும் சுற்றியும் பீமனும் துரியோதனனும் துரத்திக்கொண்டு ஆட, ஊரே கூட ஓடுகிறது. துடைப்பத்தால் அடிப்பதும் அடிபடுவதும் பல ஊர்களில் சடங்கின் பகுதி. அந்த அடி பீடையைப் போக்கும் என்று வாங்கிக்கொள்கிறார்கள். தொடை பிளந்த இடத்துச் செந்நிறத்தைத் தடவித் திரௌபதி கூந்தல் முடிந்ததும், அந்த மண்ணை ஆளுக்கொரு பிடி வீட்டுக்கு எடுத்துப்போய் நெல் வைக்கும் இடத்தில் போட்டுவைக்கிறார்கள். பகாசுரன் கதையின்போது பீமன் வண்டியில் தெருத்தெருவாகப் போக, வீட்டுக்கு வீடு சோறும் பழமும் கொடுப்பதும் இப்படித்தான். பார்க்க வந்தவர்கள் கதையில் ஏகசக்கரபுரத்து மக்களாகவே மாறிவிடுகிறார்கள்.

கர்ண மோட்சத்துக்கு வேறோர் இடமும் உண்டு. வடமாவட்டங்களில் இறந்தவரின் கருமாதி இரவில் அதை ஆட வைக்கிறார்கள். கர்ணன் விழும்போது அழுவது கர்ணனுக்காக மட்டும் அல்ல. அந்த இரவில் நடிகருக்கு இறந்தவரின் வீட்டார் காட்டும் பணிவு, சடங்கு செய்பவருக்குக் காட்டும் பணிவுக்குச் சமம்.

கூலி, அன்பளிப்பு, ஏச்சு

வெற்றிலை பாக்கில் பணம் வைத்துக் கூத்து பேசி முடிப்பார்கள். அதற்கு மேல் இரவு முழுவதும் அன்பளிப்பு வரும். பாட்டு பிடித்தால் எழுந்து வந்து வேடக்காரரின் உடையில் ரூபாய் நோட்டைக் குத்துவார்கள், துண்டு போர்த்துவார்கள். கட்டியக்காரன் ஆட்டத்தை நிறுத்தி, இன்னார் மகன் இன்னார் இவ்வளவு கொடுத்தார் என்று அறிவித்து வாழ்த்துவான். அறிவிப்பு விட்டுப்போனால் சண்டை வரும். கொடுத்தவரின் பெயரும் குடும்பமும் ஊர் நடுவே ஒலிப்பது கொடுப்பவருக்கு நாடகத்தின் ஒரு பகுதி. துரியோதனன் போர்க்களத்தில் நிற்கும்போதே ஐந்து ரூபாய்க்கு நன்றி சொல்ல வேண்டியிருப்பதைப் புதுமுறை நாடகக்காரர்கள் பின்னாளில் அநாகரிகம் என்றார்கள். நாள் கூலி மட்டும் நம்பிய குழுவுக்கு அதுவே மறுநாள் சோறு.

ஏச்சும் இருந்தது. தாளம் தப்பினால் கூச்சல். குரல் எடுபடாவிட்டால் ‘அடுத்த வேடத்தை விடு’ என்ற அதட்டல். ஊரில் இரண்டு கட்சி இருந்தால் இரண்டு குழுவை அழைத்துப் போட்டிக்கு ஆட விடுவதும் உண்டு. அப்போது எதிர்க்கட்சி வேடக்காரரைக் கலாய்ப்பதே பார்வையாளரின் வேலையாகிவிடும். குடித்துவிட்டு வந்த வேடக்காரரைத் தூணில் கட்டியதாகவும் வாய்மொழிக் கதைகள் உண்டு.

நடிகரைக் கொண்டாடிக்கொண்டே கீழாக நடத்துவது தமிழருக்கு மட்டும் உரியதல்ல. பழைய உரோமில் நடிகர்கள் சட்டப்படியே மானம் குறைந்தவர்கள். பாரிசின் புகழ்பெற்ற நடிகை அத்ரியன் லெக்குவ்ரோர் 1730இல் இறந்தபோது திருச்சபை அவருக்குக் கிறித்தவ அடக்கம் மறுத்தது. ஆனால் பாரிசில் நடிகரை ஒதுக்கியது மதமே. பாரதக் கூத்தில் மதம் நடிகரை உயர்த்தியது, சாதி தாழ்த்தியது.

கோயிலோடு ஒட்டிய பிற நாடகங்களிலும் இந்த உயர்த்தலைக் காணலாம். தஞ்சை மாவட்டம் மெலட்டூரில் நரசிம்ம ஜயந்தியை ஒட்டி ஆடப்படும் பாகவத மேளம் தெலுங்கு மொழியில் அமைந்தது. அங்கே நரசிம்மர் முகமூடிக்குத் தனியாகப் பூசை உண்டு. அதை அணிபவர் விரதம் இருக்கிறார். தூணைப் பிளந்து வந்ததும் அவரைப் பலர் சேர்ந்து பிடித்துக்கொள்கிறார்கள். தமிழ் ஊரில் தெலுங்கு நாடகம் பார்த்த அந்த அவைக்கு வசனம் முழுக்கப் புரிந்ததா என்பது முக்கியமாக இருக்கவில்லை.

கொட்டகைக்குள் வந்த கூட்டம்

19ஆம் நூற்றாண்டின் கடைசிக் கால்பகுதியில் பார்சி, மராத்திக் குழுக்களைப் பார்த்துத் தமிழிலும் நாடகக் கம்பெனிகள் எழுந்தன. தஞ்சை கோவிந்தசாமி ராவின் மனமோகன நாடகக் கம்பெனி அவற்றுள் முன்னோடி. திரைச்சீலை, தகரக் கொட்டகை, டிக்கெட் ஆகியவை பார்வையாளரை மாற்றின. தரை, பெஞ்சு, நாற்காலி, சோபா என்று காசுக்கு ஏற்ற இடம். பெண்களுக்குத் தடுப்புக் கட்டிய பகுதி. சாதிப்படி உட்கார்ந்த கூட்டம் ஓரளவு காசுப்படி உட்காரத் தொடங்கியது. காசு கொடுத்தவர் நடிகரிடம் உரிமையோடு கேட்கத் தொடங்கியதும் அப்போதுதான்.

அந்த உரிமையின் பெயர் ‘ஒன்ஸ்மோர்’. பாட்டு பிடித்துவிட்டால் கதை எங்கே நின்றாலும் நடிகர் திரும்பப் பாட வேண்டும். தூக்குமேடைக்குப் போகிறவரும், பிணத்தின் மேல் விழுந்து அழுகிறவரும் எழுந்து வந்து மறுபடி பாடினார்கள். எஸ். ஜி. கிட்டப்பாவின் உச்சக் குரலுக்கு மக்கள் கொடுத்த வரவேற்பு இதன் சிகரம். அண்ணன் காசி ஐயரின் ஆர்மோனியத்தோடு அவர் பாடத் தொடங்கினால் கொட்டகைக்கு வெளியே நின்று கேட்பவர்களும் கலைவதில்லை. கொழும்பில் 1926இல் அவரோடு சேர்ந்து நடிக்கத் தொடங்கிய கே. பி. சுந்தராம்பாளும் அவரும் மேடையில் ஒருவரையொருவர் விஞ்சப் பாடியதைப் பார்ப்பதற்கென்றே கூட்டம் வந்தது. 1933இல் திருவாரூர் மேடையில் மயங்கி விழுந்த கிட்டப்பா அதே ஆண்டு டிசம்பர் 2 அன்று 27 வயதில் இறந்தார். நோயும் குடியும் காரணம் என்று சொல்வார்கள். இரவெல்லாம் திரும்பத் திரும்பப் பாட வைத்த ரசனைக்கும் அதில் பங்கு இருந்திருக்கும் என்று எண்ணுவது தவறாகாது.

கும்பகோணத்தில் பாலாமணி அம்மாள் பெண்களை மட்டுமே கொண்டு நடத்திய கம்பெனியைப் பார்க்க வெளியூர்க் கூட்டம் வருவதற்காக இரவு ரயில்கள் விடப்பட்டதையும், அவற்றை மக்கள் ‘பாலாமணி ஸ்பெஷல்’ என்று அழைத்ததையும் நாடக வரலாற்று நூல்கள் குறிக்கின்றன. அவ்வளவு புகழோடு இருந்தவர் கடைசிக் காலத்தை வறுமையில் கழித்தார்.

மேடையைக் கண்டு அஞ்சியதற்கும் சான்று உண்டு. சங்கரதாஸ் சுவாமிகள் (1867–1922) நாடக ஆசிரியராக மட்டும் அறியப்படுவதற்கு முன் எமன், சனீசுவரன் முதலிய வேடங்களில் பேர் பெற்றவர். அவருடைய எமன் வேடத்தின் முழக்கத்தில் அரங்கில் இருந்த கருவுற்ற பெண்ணுக்குக் கரு கலைந்துவிட்டதாகவும், சனீசுவரன் வேடத்தைக் கலைக்க விடியற்காலையில் நீர்நிலைக்குப் போனவரைக் கண்டு ஒரு பெண் அதிர்ச்சியில் இறந்ததாகவும், அதனால் அவர் நடிப்பதை விட்டதாகவும் அவர் மாணவர் வழியினர் சொல்லிவந்தார்கள். வேடத்தையும் ஆளையும் பிரித்துப் பார்க்கப் பழகாத ஒரு கூட்டத்துக்கு முன்னால்தான் அவர் நடித்தார்.

வள்ளி திருமணம்: தர்க்கமும் பக்தியும்

திருத்தணி முருகன் வள்ளியை மணந்து அமர்ந்த தலம் என்பது புராணம். மாசிப் பெருவிழாவில் வள்ளி திருக்கல்யாணம் நடக்கிறது. இதே கதையைச் சங்கரதாஸ் சுவாமிகள் நாடகமாக்கிய வள்ளி திருமணம், தமிழ்நாட்டில் மிக அதிகமாக மேடையேறிய நாடகங்களில் ஒன்று. ஒரே கம்பெனியைச் சேராத நடிகர்கள், முன்பழக்கம் இல்லாமல் ஒரு மேடையில் கூடி ஆடும் ‘ஸ்பெஷல் நாடகத்தில்’ இதற்குத் தனி இடம். ராஜபார்ட், ஸ்திரீபார்ட், பபூன் என்று தனித்தனியே பேசி அழைப்பார்கள்.

இதில் கூட்டம் காத்திருப்பது தர்க்கத்துக்கு. நாரதருக்கும் வள்ளிக்கும், வேடனாக வந்த வேலனுக்கும் வள்ளிக்கும் நடக்கும் வாக்குவாதம் எழுதி வைத்ததோடு நிற்பதில்லை. புராணம், இலக்கணம், ஊர்ச் செய்தி எதிலிருந்தும் கேள்வி வரலாம். பதில் சட்டென்று விழுந்தால் கைதட்டல், திணறினால் சீழ்க்கை. வள்ளி கட்சி, வேலன் கட்சி என்று பார்ப்பவர்கள் பிரிந்து, தங்கள் ஆளுக்கு அடி எடுத்துக் கொடுத்ததும் உண்டு. வாக்குவாதம் முற்றி, கல்யாணக் காட்சி வருவதற்குள் விடிந்துவிடும். முருகன் வேடம் மயில் மேல் வந்ததும் அதே கூட்டம் கன்னத்தில் போட்டுக்கொள்ளும்.

இந்த முருகன் வேடத்தைத் தேசிய இயக்கத்தின் குரலாக்கியவர் எஸ். எஸ். விசுவநாத தாஸ் (1886–1940). மதுரகவி பாஸ்கரதாஸின் பாட்டுகளை அவர் பாட, தினைப்புனத்தில் பறவை விரட்டும் காட்சியில் வெள்ளைக் கொக்கு வெள்ளைக்காரனாகிவிட்டது. கேட்டவர்களுக்கு விளக்கம் தேவைப்படவில்லை. 1876ஆம் ஆண்டு நாடகக் கட்டுப்பாட்டுச் சட்டம் கையில் இருந்த போலீசார் கொட்டகையிலேயே காத்திருந்தார்கள். அவர் பலமுறை சிறை சென்றார். முடிதிருத்தும் மருத்துவர் சாதியில் பிறந்த அவரோடு சேர்ந்து நடிக்கத் தயங்கியவர்களும் நாடக உலகில் இருந்தார்கள். 1940 டிசம்பர் 31 அன்று சென்னை ராயல் தியேட்டரில் மயில் மீது முருகனாக அமர்ந்து பாடிக்கொண்டிருக்கும்போதே அவர் உயிர் பிரிந்தது. கூட்டத்தில் சிலர் அதை நடிப்பு என்றே முதலில் நினைத்திருக்க வேண்டும்.

சபாவின் ஒழுங்கு

1891இல் பல்லாரி கிருஷ்ணமாச்சாரியின் சரச வினோதினி சபா சென்னைக்கு வந்து விக்டோரியா பப்ளிக் ஹாலில் தெலுங்கு நாடகங்கள் ஆடியது. தமிழ் நாடகத்தைச் சிறுவயதில் வெறுத்து ஒதுக்கியிருந்த பம்மல் சம்பந்த முதலியார் (1873–1964), படித்தவர்களும் உத்தியோகத்தவர்களும் வேடம் கட்டியதை அங்கே கண்டு மனம் மாறி, அவ்வாண்டு ஜூலை 1 அன்று நண்பர்களோடு சுகுண விலாச சபையைத் தொடங்கினார். வழக்கறிஞர்களும் அரசு அலுவலர்களும் அதில் நடித்தார்கள், எஸ். சத்தியமூர்த்தியும் மேடையேறியவர். ‘கூத்தாடி’ என்ற ஏச்சு இவர்களிடம் ஒட்டவில்லை. ஏச்சு எப்போதும் தொழிலின் மீது விழவில்லை, தொழிலாளியின் பிறப்பின் மீதும் பசியின் மீதும்தான் விழுந்தது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று தேவையில்லை.

சபா, பார்வையாளருக்குப் புது ஒழுங்கு கற்பித்தது. குறித்த நேரத்தில் திரை தூக்குவது, விடிய விடிய ஆடாமல் சில மணி நேரத்தில் முடிப்பது, வசனத்துக்கு இடம் கொடுத்துப் பாட்டைக் குறைப்பது என்று நாடகம் மாற, அவையும் மாறியது. கைதட்டல் காட்சி முடிவுக்குத் தள்ளிப்போனது. நடுவில் பேசுவது நாகரிகக் குறைவு ஆனது. இந்த ஒழுங்கு சென்னைக்கு வருமுன் மேலை நாடுகளிலேயே புதிதுதான். லண்டன் கோவண்ட் கார்டனில் 1809இல் டிக்கெட் விலை ஏற்றத்தை எதிர்த்து இரண்டு மாதத்துக்கு மேல் இரவுதோறும் கூச்சலிட்டு நாடகத்தை நடக்கவிடாமல் செய்தார்கள். நியூயார்க்கில் 1849இல் இரண்டு நடிகர்களின் ரசிகர் பகை கலவரமாகி இருபதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அரங்கை இருட்டாக்கி மேடையை மட்டும் ஒளிரச் செய்யும் முறையை இசைநாடக ஆசிரியர் வாக்னர் ஜெர்மனியின் பைராய்ட்டில் 1876இல் நிலைநிறுத்திய பின்பே பேசாமல் பார்ப்பது பரவியது. பந்த வெளிச்சத்தில் நடிகரும் பார்வையாளரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டிருந்த கூத்துக் களத்தில் அது நடக்க வழியில்லை.

அரசியல் மேடையும் கல்லெறியும்

1940களில் நடிகருக்கு விருது வழங்கும் உரிமை அரசனிடமிருந்தும் கோயிலிடமிருந்தும் அரசியல் கூட்டத்துக்கு வந்துசேர்ந்தது. அண்ணாவின் ‘சிவாஜி கண்ட இந்து ராஜ்யம்’ நாடகத்தில் நடித்த கணேசனைப் பெரியார் ‘சிவாஜி’ என்று அழைக்க, அதுவே பெயராக நிலைத்தது. ஔவையாராக நடித்த டி. கே. சண்முகத்துக்கு ‘ஔவை’ என்ற அடைமொழி ஒட்டிக்கொண்டது. வேடத்தின் பெயர் ஆளுக்கு ஏறுவது பழைய கூத்து வழக்கத்தின் தொடர்ச்சி.

பக்தியை எதிர்த்து நின்ற நடிகருக்குக் கிடைத்தது வேறு. எம். ஆர். ராதா (1907–1979) இராமாயணத்தைப் பகுத்தறிவு நோக்கில் மேடையேற்றியபோது கல்லும் கூச்சலும் எழுந்தன. மனம் புண்படுவோர் வர வேண்டாம் என்று விளம்பரத்திலேயே அறிவித்துவிட்டு, கலாட்டா செய்தவர்களோடு மேடையிலிருந்தே வாதாடினார். வேடத்தின் பின்னால் ஒளியாத ஒரு நடிகரைத் தமிழ் அவை அப்போதுதான் நேருக்கு நேர் பார்த்தது. சென்னை அரசு 1954இல் கொண்டுவந்த நாடக நிகழ்ச்சிகள் சட்டம் அவரைக் குறிவைத்ததாகவே கருதப்பட்டது. கதைப் பிரதியை முன்கூட்டிக் காட்டச் சொன்ன அச்சட்டத்தைச் சென்னை உயர் நீதிமன்றம் 2013இல் செல்லாது என்றது.

திரைப்படம் வந்ததும் கற்பூரம் அங்கே இடம் மாறியது. முதல் தமிழ்ப் பேசும் படமான ‘காளிதாஸ்’ (1931) படப்பெட்டி சென்னையில் இறங்கியபோது தேங்காய் உடைத்து ஊர்வலமாகக் கொண்டுபோனதாக எழுதியிருக்கிறார்கள். அதில் நடித்த டி. பி. ராஜலட்சுமி நாடக மேடையிலிருந்து வந்தவர்.

இன்றைய களம்

கூத்து நிற்கவில்லை. செய்யாறு அருகே புரிசையில் கண்ணப்ப தம்பிரான் வழியினரும், 1990இல் தொடங்கிய கட்டைக்கூத்துச் சங்கத்தின் கலைஞர்களும் நடிகரின் கூலி, மரியாதை இரண்டையும் பேசுபொருளாக்கினார்கள். காஞ்சிபுரத்தை அடுத்த புஞ்சரசந்தாங்கலில் நடந்த குருகுலத்தில் பெண் பிள்ளைகளும் பயின்று வேடம் கட்டினார்கள். ஆண்களே பெண் வேடம் கட்டிய களத்தில் பெண் நிற்பதைக் கூட்டம் சிறிது சிறிதாக ஏற்றுக்கொண்டது. ஒலிபெருக்கி வந்தபின் பின்வரிசையின் திருத்தல் நடிகர் காதுக்கு எட்டுவதில்லை. அன்பளிப்பு அறிவிப்பு மட்டும் முன்னைவிட உரக்கக் கேட்கிறது. இரவுக் கூத்துக்கு நள்ளிரவுக்கு மேல் மிஞ்சுபவர்கள் பெரும்பாலும் வயதானவர்களும் நேர்த்திக்கடன் உள்ளவர்களும்தான். பகலில் நடக்கும் தபசுக்கும் படுகளத்துக்கும் சுற்றுப்பட்டு ஊர்கள் எல்லாம் திரள்கின்றன. எல்லைக்கு இருபுறமிருந்தும் வரும் அந்தக் கூட்டத்தில், மரத்தடியில் முந்தானை விரிப்பவர்களும் கைப்பேசியில் படம் பிடிப்பவர்களும் அடுத்தடுத்து நிற்கிறார்கள்.